கட்டைவிரல் அமுங்காத டயர்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியின் சோதனைப் பிரிவிலிருந்து போன் வந்தது. பேசியவர் இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் தம்பி. முகம் எனக்கு நினைவில்லை, குரல் மட்டும் மரியாதையாக இருந்தது.

"சார், சோதனைத் தாளைப் புதுசா மாத்துறோம். இனிமே எல்லாம் போன்லயே வந்துடும். வால்வுல ஒரு சின்னக் கருவி மாட்டிட்டா காத்து எவ்வளவுன்னு அதுவே சொல்லிடும். அதனால பதினாலாவது கட்டத்தை எடுத்துடலாம்னு இருக்கோம். அதை யார் சேர்த்தாங்க, எதுக்குச் சேர்த்தாங்கன்னு இங்க யாருக்கும் தெரியல. உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

பதினாலாவது கட்டத்தில் இருப்பது ஒரே ஒரு வரி. 'ஓட்டம் முடிந்தபின் டயரில் காற்று அளவு. சீல் பிரிக்கும் முன் அளக்கவும்.' அவ்வளவுதான்.

"அடுத்த வாரம் சொல்றேன் தம்பி" என்று போனை வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதில் என் தப்பு ஒன்று இருக்கிறது. தப்பைப் போனில் சொன்னால் இரண்டு வாக்கியத்தில் சுருக்கிவிடத் தோன்றும். அதனால் எழுதுகிறேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் கட்டத்தை அழித்துவிட்டுப் போகலாம், எனக்கென்ன.

நான் ஐ.டி.ஐ. முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த சைக்கிள் டயர் கம்பெனியில் சேர்ந்தபோது மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. முதலில் டயர் வேகவைக்கும் பிரஸ்ஸில் நாலு வருஷம். முழங்கைவரை சூட்டுத் தழும்பு. அப்புறம் டிரம் ஓட்டும் இடம். பெரிய இரும்பு டிரம் சுற்றும், அதன்மேல் டயர் ராத்திரி பகலாக ஓடும், வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் சோதனைப் பிரிவு. ரிட்டையர் ஆகும்வரை அங்கேதான். வீடு அண்ணனூரில். ஷெட்டுக்குள் ரயில் நுழையும் சத்தத்தில் எழுந்து, அடுத்த ரயிலில் வேலைக்குப் போய், அதே மாதிரி திரும்பி வந்தேன். வாழ்க்கை வரலாறு இத்துடன் முடிந்தது.

எங்கள் கம்பெனி செய்தது பாரம் சுமக்கிற சைக்கிளின் டயர். அரிசி மூட்டை, பால் கேன், காஸ் சிலிண்டர், கட்டில், பீரோ, பொண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று இந்த ஊரில் சைக்கிள்மேல் ஏறாத பொருள் இல்லை. அப்படிப்பட்ட டயருக்குக் காற்று எப்படி அடிப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கட்டைவிரலை வைத்து அமுக்கினால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் பாரம் ஏறும்போது ரிம் தரையில் உட்கார்ந்து டயரை இரண்டாக வெட்டிவிடும். பாடியில் இருக்கும் எந்த சைக்கிள் கடைக்கும் போய்ப் பாருங்கள். காற்று அளக்கும் மீட்டர் இருக்காது, கடைக்காரருக்குக் கட்டைவிரல் இருக்கும். நானும் அந்தக் கட்டைவிரல் ஜாதிதான்.

எங்கள் பிரிவுக்கு மேலதிகாரி வேதாசலம் சார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரே ஒரு பென்சில். பென்சிலை பிளேடால் சீவுவார், சீவல் கீழே விழாமல் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுவார். முப்பது வருஷத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாம் போய் எதைச் சொன்னாலும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார்.

"ஏகாம்பரம், இது உங்களுக்குத் தெரியுமா, தோணுதா?"

பாதி நேரம் நமக்குத் தோன்றியதாகத்தான் இருக்கும். அசடு வழிந்துகொண்டு திரும்பி வருவோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. சோதனைத் தாளைக் கீழேயிருந்து மேலே படிப்பார். முதலில் கையெழுத்து, அப்புறம் முடிவு, கடைசியில் அளவுகள். ஒருநாள் ஏன் சார் என்று கேட்டேன். "கையெழுத்து யாருதுன்னு பார்த்துட்டா மேல இருக்குற நம்பரை எவ்வளவு நம்பலாம்னு தெரிஞ்சிடும்" என்றார். என் கையெழுத்தைப் பார்த்தால் அவர் அளவுகளைப் படிக்காமலே தாளை மூடி வைப்பார். அது எனக்குப் பெரிய பெருமை. வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிளுக்கு டயர் செய்யலாம் என்று கம்பெனி முடிவெடுத்த சமயம் நான் ஐம்பதைத் தொட்டிருந்தேன். அதற்காகவே கொங்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பெயர் மலர்விழி. ரப்பர் தொழில்நுட்பம் படித்தவர். ரப்பர் கலவையும் அவருடையது, டயரின் முகத்தில் புடைத்து நிற்கும் ரப்பர்க் கட்டைகளின் அமைப்பும் அவருடையது. ஒரு வருஷத் தற்காலிக நியமனம். இந்த டயர் தேறினால் வேலை உறுதி, இல்லையென்றால் ஊருக்கு பஸ். இதை அவரே சிரித்துக்கொண்டு எங்களிடம் சொன்னார்.

முதல் டயர் அச்சிலிருந்து வந்தபோது நாங்கள் வாயைப் பிளந்தோம். உடம்பெல்லாம் முள் முள்ளாகக் கட்டைகள். பார்த்தவுடன் 'பலாப்பழம்' என்று பெயர் வைத்தவன் காசி.

காசி எங்கள் ஓட்டுநர். சோதனை டயரை மாட்டி ஓட்டிக்காட்டுகிறவன். என்னைவிட ஆறு வயது சின்னவன். ஒப்பந்த வேலை. அதற்கு முன்னால் ஆவடியிலிருந்து பாடி வரைக்கும் சைக்கிளில் அரிசி மூட்டை அடித்தவன், ஒரு நடைக்கு இரண்டு மூட்டை. தொடை ஒவ்வொன்றும் உரல் மாதிரி இருக்கும். அவன் அப்பா அம்மா இரண்டு பேரும் அண்ணனூர்ப் பக்கம் கழனி வேலை செய்தவர்கள். காசியின் குடும்பத்தில் கம்பெனி வாசலில் அடையாள அட்டை காட்டி உள்ளே போன முதல் ஆள் அவன்தான். அவனை நிரந்தரமாக்கும் கோப்பு இரண்டு வருஷமாக நகராமல் கிடந்தது.

மலர்விழி சோதனைக்கான காற்று அளவை எழுதிக் கொடுத்தார். இருபத்தெட்டு பவுண்டு.

காசி தாளைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னான். "இன்னா அண்ணாத்தே, பொடலங்காய்க்கு காத்து அடிக்கச் சொல்றாங்களா?"

"படிச்சவங்க. சொன்னதைச் செய்" என்றேன். ஆனால் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

சோதனை எங்கே? நம் பக்கம் மலைக்கு எங்கே போவது, எல்லாம் ஏரியும் தட்டையும்தான். மாங்காடு தாண்டி, குன்றத்தூருக்கும் அப்பால் கைவிட்ட கல்குவாரி ஒன்றைக் கம்பெனி அனுமதி வாங்கி வைத்திருந்தது. முதலில் ஏரிக்கரை மண்ணில் நாலு சுற்று. அப்புறம் சரளைக்கல் ஏற்றம். கடைசியில் ஈரப்பாறை. அதுதான் உயிரை வாங்குவது.

முறை இப்படி. காலையில் சோதனை அறையில் டயரை எடை போட்டு, எட்டு இடத்தில் கட்டைகளின் உயரத்தை அளந்து எழுதுவேன். வேனில் ஏற்றிக் குவாரிக்குப் போனதும் சைக்கிளை அரைமணி நேரம் வேப்பமர நிழலில் நிறுத்த வேண்டும், வெயில் பட்ட டயரில் காற்று ஏறிக் காட்டும். பிறகு மீட்டர் வைத்து அளந்து, இருபத்தெட்டு இருக்கும்படி சரிசெய்து, தாளில் எழுதுவேன். பாறையில் மேலிருந்து மூன்று பூவாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். காசி மேலேயிருந்து இறங்கி வருவான். சிவப்புக் கோட்டில் பின் பிரேக் மட்டும் பிடிக்க வேண்டும். மஞ்சள் கோட்டுக்குள் சைக்கிள் நின்றாக வேண்டும். பக்கவாட்டில் எவ்வளவு இழுத்துக்கொண்டு போனது என்று நான் டேப் வைத்து அளப்பேன். இப்படி ஐந்து முறை. கடைசியில் என் கையெழுத்து.

இதில் எழுதப்படாத ஒன்று நடந்தது. நான் அளந்து எழுதி முடித்ததும் காசி சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைவிரலால் டயரை அமுக்குவான். அமுங்கும். முகத்தைச் சுளிப்பான். வேனிலிருந்து காலால் மிதித்துக்கொண்டு அடிக்கும் பம்பை எடுத்து வந்து பத்து, பதினைந்து அடி அடிப்பான். விரல் அமுங்காமல் ஆனதும் ஏறுவான். இதை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டு பார்த்தேன். தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாறையில் இறங்கப் போகிறவன், ரிம் அடிவாங்கக் கூடாது என்று காற்று வைத்துக்கொள்கிறான், இதில் என்ன இருக்கிறது? குழந்தை வெளியில் கிளம்பும்போது இன்னொரு வாய் ஊட்டி அனுப்புவதில்லையா? அந்த மாதிரிதான் நினைத்தேன்.

டயர் தேறவில்லை. ஈரப்பாறையில் மஞ்சள் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போனது. மலர்விழி கலவையை மாற்றினார், கட்டைகளின் ஓரத்தைக் கூராக்கினார், மறுபடி டயர் வந்தது, மறுபடி வழுக்கியது. பதினோரு தாள் எழுதினேன், பதினொன்றும் ஒரே முடிவு. ஒருநாள் அவர் சோதனை அறைக்கு வந்து எல்லாத் தாளையும் மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணா, காத்து மட்டும் சரியா இருந்துதுங்களா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "எழுதியிருக்கேனே மேடம். கீழ என் கையெழுத்து இருக்குல்ல?"

"இல்லைங்கண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. சும்மா கேட்டேன்" என்று தாள்களை அடுக்கி வைத்துவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்டது அவர். இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

பன்னிரண்டாவது ஓட்டம். அன்று காசியின் உள்ளங்கையில் கொப்புளம். முந்தின நாள் வீட்டில் கொதிக்கிற சோற்றுப்பானையைத் துணியில்லாமல் இறக்கியிருக்கிறான். நான் இருபத்தெட்டு என்று எழுதினேன். அவன் விரல் வைத்துப் பார்த்தான்.

"அண்ணாத்தே, கையி எரியுதுப்பா. நீயே கொஞ்சம் அடி."

நான் தாளை வேனுக்குள் வைத்துவிட்டு வந்து அடித்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே பதினைந்து அடித்தேன். விரல் வைத்துப் பார்த்தான். "ஆங், இப்போ கல்லு" என்று ஏறினான்.

மூன்றாவது இறக்கத்தில் சிவப்புக் கோட்டில் பிரேக் பிடித்ததும் பின்சக்கரம் அப்படியே பக்கவாட்டில் போனது. சைக்கிள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். இடது தோள் பாறையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. ஓடிப்போய்த் தூக்கினேன். "தூக்காத, தூக்காத, அப்டியே வுடு" என்று கத்தினான். தோள்பட்டை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

விசாரணை நடந்தது. பிரேக்கைச் சோதித்தார்கள், சரியாக இருந்தது. தண்ணீர் மூன்று பூவாளிதான். காற்று இருபத்தெட்டு என்று தாளில் இருந்தது, கீழே என் கையெழுத்து இருந்தது, அதனால் அதைப்பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் காசியிடம் கேட்டபோது "டயர் வழுக்கிச்சு சார்" என்றான். உண்மைதானே, வழுக்கியது. என்னையும் கேட்டார்கள். நானும் "டயர் வழுக்கிச்சு" என்றேன். மனதறிந்து மறைக்கவில்லை. பதினைந்து அடி காற்று ஒரு விஷயம் என்றே அப்போது என் மண்டைக்கு எட்டவில்லை.

முடிவு இரண்டு. பலாப்பழத்தைக் கைவிடுவது, அச்சைப் பழைய இரும்புக்குப் போடுவது. மலர்விழியின் நியமனத்தை நீட்டிப்பதில்லை. கூடவே ஒரு நல்லது நடந்தது. கம்பெனியின் டயரால் அடிபட்டவன் என்பதால் காசியை நிரந்தரமாக்கும் கோப்பு தூசி தட்டப்பட்டு மேலே போனது. அவன் மனைவி சரோஜா மாங்காடு அம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு, எனக்கும் குங்குமம் கொண்டுவந்து கொடுத்தாள்.

விழுந்த சைக்கிள் சோதனை அறையில் கம்பிக் கூண்டுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. மூன்று வாரம் கழித்து, கோப்பை மூடும் முன் அந்த டயரிலிருந்து துண்டு வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். சாப்பாட்டு நேரம், அறையில் நான் மட்டும். டயரைக் கழற்ற வேண்டுமென்றால் காற்றை இறக்க வேண்டும். இறக்கும் முன் மீட்டரை வைத்தேன். வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, கை பழகிப்போனது, வைத்தது.

நாற்பத்திரண்டு.

மீட்டர் கெட்டுவிட்டது என்று வேறு மீட்டரை வைத்தேன். நாற்பத்திரண்டு. வெயிலில் ஏறியிருக்கும் என்று ஒரு சமாதானம் தோன்றியது. கூண்டு நிழலில் இருந்தது, வெயிலில் நிறுத்தினாலும் இரண்டு மூன்று பவுண்டுதான் ஏறும். டியூபில் இருக்கும் காற்று மூன்று வாரத்தில் குறையும், கூடுமா? அப்படியானால் காசி விழுந்த அன்று இன்னும் அதிகமாக இருந்திருக்கிறது. யார் அடித்த காற்று? எண்ணி எண்ணி அடித்தேனே, பதினைந்து.

அப்போதுதான் அந்தப் பெண் எழுதிக்கொடுத்த இருபத்தெட்டின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. கல்லாக இருக்கிற டயர் பாறையில் இரண்டு மூன்று கட்டையின் நுனியில் மட்டும்தான் நிற்கும். கொஞ்சம் தொய்ந்து கொடுத்தால்தான் எல்லாக் கட்டையும் கீழே இறங்கிப் பாறையைப் பிடிக்கும். கையைக் குத்துகிற மாதிரி இருந்தாலும் பலாப்பழம் அவ்வளவு இதமான டயர். அதன் கால்களைக் கட்டிப்போட்டு ஓடு ஓடு என்றிருக்கிறோம்.

இதோடு நிற்கவில்லை. என் விரல் வால்வின்மேல் இருந்தது. ஒரு அமுக்கு அமுக்கினால் புஸ்ஸென்று போய்விடும். நாற்பத்திரண்டு என்று ஒரு எண் இருந்ததை இந்த உலகத்தில் என்னைத் தவிர யாரும் அறியமாட்டார்கள். காசிக்கு நிரந்தர வேலை. எனக்கு அடுத்த மாதம் வரவேண்டிய சூப்பர்வைசர் பதவி. போகிறவள் யாரோ வெளியூர்ப் பெண், படித்தவள், வேறு வேலை கிடைக்காமலா போகும்? இதெல்லாம் நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுத எனக்கு மனமில்லை. அரை விநாடி அமுக்கியும்விட்டேன், காற்று சீறியது. அந்தச் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன். மீட்டர் நாற்பத்தொன்று காட்டியது.

நேராக வேதாசலம் சார் அறைக்குப் போனேன். காசியிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் 'வேணாம்' என்பான், நானும் கேட்டுவிடுவேன் என்று பயம். அது என் இரண்டாவது தப்பு.

"சார், அந்தப் பன்னிரண்டு தாளும் தப்பு. காத்து இருபத்தெட்டு இல்ல. நாப்பதுக்கு மேல."

பென்சிலைக் கீழே வைத்தார். "தெரியுமா, தோணுதா?"

"தெரியும் சார். கூண்டுல இருக்குற டயரை இப்பதான் அளந்தேன். அன்னிக்கு நான்தான் அடிச்சேன்."

"மத்த பதினொண்ணு?"

"காசி அடிச்சான். நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."

அவர் எழுந்து வந்து கூண்டில் தானே மீட்டரை வைத்துப் பார்த்தார். நாற்பத்தொன்று. ஒரு பவுண்டு ஏன் குறைந்தது என்பதையும் சொன்னேன். அறைக்குத் திரும்பி அலமாரியிலிருந்து பன்னிரண்டு தாளையும் எடுத்து என் முன்னால் வைத்தார். வழக்கம்போலக் கீழேயிருந்துதான் பார்த்தார், என் கையெழுத்தை. பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீங்க போட்டதை நீங்களே அடிங்க ஏகாம்பரம். பக்கத்துல 'காற்று அளவு உண்மையல்ல'ன்னு எழுதுங்க."

பன்னிரண்டு முறை எழுதினேன். அவர் அடித்துத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக நகர்த்திக் கொடுத்தார். ஏழாவதோ எட்டாவதோ எழுதும்போது கண்ணீர் தாளில் விழுந்துவிட்டது. ஐம்பது வயது ஆள்! மை கலைந்த இடத்தில் திரும்ப எழுதச் சொன்னார்.

"காசி மேல எதுவும் வராம பார்த்துக்கங்க சார்" என்றேன்.

"வராதுன்னு சொல்ல ஆசையாதான் இருக்கு. எனக்குத் தெரியாது" என்றார். அந்த மனிதரிடம் அதுதான், தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டார்.

வந்தது. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ, சூப்பர்வைசர் பதவி வேறு ஆளுக்கு. அதற்குப்பின் கடைசிவரை எனக்கு அது கிடைக்கவில்லை. காசிக்கு எச்சரிக்கைக் கடிதம், கோப்பு நிறுத்திவைப்பு. கடிதம் அவன் வீட்டுக்குப் போன அன்று சாயந்திரம் நானும் போனேன். தோளில் கட்டோடு வாசலிலேயே நின்றான், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஊர் ஒலகமே அப்டித்தான் காத்து அடிக்குது. உன்ன எவன் கேட்டான்? நீயா போயி சொல்லிகினு வந்துட்டியா?"

"அந்தப் பொண்ணு வேலை போவுது காசி."

"என் வேலை?"

சரோஜா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். குங்குமம் கொடுத்த கை. வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

மலர்விழிக்கு மறுசோதனைக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார்கள். வேதாசலம் சார் புது முறை ஒன்று கொண்டுவந்தார். நான் காற்று அளந்ததும் வால்வு மூடியின்மேல் காகிதச் சீல் ஒட்டி, நானும் ஓட்டுகிறவனும் அதன்மேல் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் ஓட்ட ஆள்? கம்பெனியில் ஓட்டத் தெரிந்த மற்ற இரண்டு பேரும் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, காசி விழுந்த பாறையில் இந்தத் தொளதொள டயரில் இறங்கமாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். கல்லு டயரிலேயே எலும்பு போயிற்று, இதில் உயிரே போகும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், நாங்கள் வளர்ந்த கட்டைவிரல் அது.

அவகாசம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது காசி டாக்டர் சீட்டோடு வேலைக்குத் திரும்பினான். என்னிடம் பேசவில்லை. வேனில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தான். குவாரியில் நான் அளந்தேன், இருபத்தெட்டு. சீல் ஒட்டினேன், கையெழுத்துப் போட்டேன். அவன் போடவில்லை. உட்கார்ந்து கட்டைவிரலை வைத்தான். விரல் உள்ளே போனது. மூன்று மாதம் கழித்து முதல்முறையாக என்னிடம் பேசினான்.

"இன்னா இது, பூரி மாதிரி கீது?"

"அவ்ளோதான் காசி."

"ரிம்மு பாறைல உக்காரும். மறுபடி நான் போயி விழணும், அதானே?"

மலர்விழி சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றார். வேதாசலம் சார் கையில் பென்சில். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. நான் சைக்கிளை எடுத்தேன். ஹெல்மெட்டை மாட்டினேன், வார் என் தாடைக்குப் பத்தவில்லை.

"நான் ஓட்டுறேன். நின்னா நீ ஓட்டு. வுழுந்தா நீ வீட்டுக்குப் போ."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாறைமேல் ஏறினேன். மேலேயிருந்து பார்த்தால் அது பாறை இல்லை, கிணறு. தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. மிதியில் ஒரு காலை வைத்தேன். பின்னாலிருந்து காசியின் கை சீட்டைப் பிடித்தது.

"எறங்கு. நீ வுழுந்தா உன்ன தூக்க நாலு ஆளு வேணும். எனக்கு ஒரு கைதான் கீது."

சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டான். சீல்மேல் கையெழுத்துப் போட்டான். இறங்கினான்.

சிவப்புக் கோட்டில் பிரேக் பிடித்தான். எனக்கு மறுபடி அந்தச் சத்தம் கேட்டுவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அளக்க வேண்டியவன் கண்ணை மூடியது தப்புதான். திறந்து பார்த்தபோது சைக்கிள் மஞ்சள் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுகொண்டிருந்தது. காசி அதன்மேல் அப்படியே உட்கார்ந்து கீழே டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சைக்கிளை மேலே தள்ளிக்கொண்டு வந்தான். ஐந்து முறை இறங்கினான், ஐந்து முறையும் நின்றது. மூன்றாவதில் வேண்டுமென்றே வேகமாக வந்தான், போக்கிரி. மலர்விழி முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடப் போனேன். காசி என் கையைப் பிடித்தான்.

"இரு. அன்னிக்கி நான் வுழுந்தது டயரால இல்ல."

"இல்ல."

"உன்னால."

"ஆமா காசி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் என் கையை விடவில்லை.

"நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்றான். "சரி வுடு. இப்போ காத்து எவ்ளோ கீதுன்னு அளந்து எழுது. அப்புறமா சீலைப் பிரி. இல்லாட்டி நடுவுல நம்ம ரெண்டு பேரும் ஏதோ பண்ணிட்டோம்பானுங்க. நம்ம மூஞ்சிய இனிமே எவன் நம்புவான்?"

சீல் கிழியாமல் அளக்க வழியில்லை. வேதாசலம் சார் முன்னால் சீலில் ஒரு ஓரத்தை மட்டும் பிளேடால் கீறி, மூடியைத் திருகி, மீட்டர் வைத்தேன். இருபத்தெட்டு. அதை எழுதத் தாளில் இடம் இல்லை. சார் பென்சிலால் கீழே ஒரு கோடு போட்டு, பதினாலு என்று எண் போட்டு, "இங்க எழுதுங்க" என்றார். எழுதினேன். கீழே நான், பக்கத்தில் காசி.

டயர் தேறியது. மலர்விழிக்கு வேலை உறுதியானது. இப்போது அவர் வேறு ஊரில் பெரிய பொறுப்பில் இருக்கிறார், பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வார். தவறு முறையில் இருந்தது, ஓட்டுநரிடம் இல்லை என்று வேதாசலம் சார் குறிப்பு எழுதினார். மறுவருஷம் காசி நிரந்தரமானான். அவன் இடது கை இன்றைக்கும் தலைக்குமேல் உயராது. சட்டை மாட்ட சரோஜா உதவ வேண்டும்.

அதனால் தம்பி, கருவி மாட்டுங்கள், நல்ல விஷயம். கட்டத்தை எடுப்பதும் வைப்பதும் உங்கள் இஷ்டம். யார் சேர்த்தது என்று கேட்டீர்கள். கோடு போட்டது வேதாசலம் சார், சேர்க்கச் சொன்னது அரிசி மூட்டை அடித்த காசி.

இதை எழுதும் முன் நேற்று அவன் வீட்டுக்குப் போனேன், அவன் பெயரைப் போடலாமா என்று கேட்க. சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான், ஒற்றைக் கையால். அரிசி வாங்கப் போகிறானாம். டயரைத் தொட்டுப் பார்த்தேன், கல்.

"தாராளமா போடு அண்ணாத்தே" என்றான். "ஆனா அன்னிக்கி காத்து அடிச்சது யாருன்னு மறக்காம எழுது."

நான்தான் அடித்தேன்.